மேல்நிலைப் பள்ளிகளில் கணினி அறிவியலும் பொறியியல் பாடங்களும் (தமிழ்நாடு)

தமிழ்நாட்டு மாநிலப் பாடத்திட்டத்தில், பதினொன்றாம் பன்னிரண்டாம் வகுப்பு மாணவர் கணினியையும் பொறியியலையும் இரண்டு வழிகளில் படிக்கலாம். ஒன்று பொதுக்கல்விப் பிரிவு: கணிதம், இயற்பியல், வேதியியலோடு கணினி அறிவியல் சேர்ந்தது. ஊர்வழக்கில் இது 'கம்ப்யூட்டர் சயின்ஸ் குரூப்'. மற்றது தொழிற்கல்விப் பிரிவு. அடிப்படை இயந்திரவியல், மின் பொறியியல், மின்னணுப் பொறியியல், கட்டடப் பொறியியல், தானியங்கி ஊர்திப் பொறியியல் என்று பள்ளி அளவிலேயே பொறியியல் நூல்கள் இருப்பது இந்தப் பிரிவில்தான். 1978இல் மேல்நிலைக் கல்வி தொடங்கியபோதே இதுவும் வந்துவிட்டது. ஆனாலும் மதிப்பெண் குறைந்தவர்களுக்கான இடம் என்ற பெயரை இன்றுவரை இது சுமக்கிறது. அந்தப் பெயர் நியாயமானதல்ல.

கணினிப் பாடம் எல்லாப் பிரிவினருக்கும் ஒன்றல்ல. அறிவியல் பிரிவினருக்குக் கணினி அறிவியல், வணிகவியல் பிரிவினருக்குக் கணினிப் பயன்பாடுகள், தொழிற்கல்வி மாணவர்களுக்குக் கணினித் தொழில்நுட்பம் என மூன்று தனித்தனிப் பாடங்கள் உள்ளன.

கணினி அறிவியல் நூல்கள் 2018-19இல் பதினொன்றாம் வகுப்புக்கும் அதற்கடுத்த ஆண்டு பன்னிரண்டாம் வகுப்புக்கும் புதிதாக எழுதப்பட்டன. அதற்கு முன்பு பன்னிரண்டாம் வகுப்பின் முதல் தொகுதி பெரும்பாலும் ஸ்டார் ஆபீஸ் என்ற அலுவலக மென்பொருள்: கடிதம் அடிப்பது, அட்டவணை போடுவது, படவில்லை செய்வது. அறிவியல் பாடம் என்ற பெயரில் அலுவலகப் பயிற்சி நடந்துகொண்டிருந்தது என்றே சொல்லலாம். சி++ மொழிக்கு இரண்டாம் தொகுதி ஒதுக்கப்பட்டிருந்தது. இப்போது சி++ பதினொன்றாம் வகுப்புக்கு இறங்கிவிட்டது; பன்னிரண்டில் பைத்தான், தரவுத்தளம், எஸ்கியூஎல் வந்திருக்கின்றன.

புதிய நூல்களில் சிறப்பாகக் குறிப்பிட வேண்டியவை, பதினொன்றாம் வகுப்பில் சி++ தொடங்குவதற்கு முன் வரும் மூன்று பாடங்கள். அவை எந்த நிரல்மொழியையும் சாராமல் சிந்திக்கக் கற்றுத் தருகின்றன. ஆட்டையும் புல்லுக்கட்டையும் ஓநாயையும் படகில் அக்கரை சேர்க்க வேண்டிய உழவனின் பழைய புதிர் அங்கே வருகிறது. உழவன், ஆடு, புல், ஓநாய் என்று நான்கு மாறிகள். ஒவ்வொன்றின் மதிப்பும் இடக்கரை அல்லது வலக்கரை, அவ்வளவுதான். உழவன் இல்லாத கரையில் ஆடும் புல்லும், அல்லது ஓநாயும் ஆடும், சேர்ந்திருக்கும் நிலை வரக்கூடாது. படகு எப்படியிருந்தது, ஆற்றில் எவ்வளவு தண்ணீர் என்பதெல்லாம் கணக்குக்கு வேண்டாம். வேண்டாததைத் தள்ளிவிடுவதுதான் நிரலாக்கத்தின் முதல் பாடம் என்பதைப் பதினாறு வயதுப் பிள்ளைக்கு இதைவிடத் தெளிவாகச் சொல்வது கடினம். தேர்வு நெருங்கினால் பல வகுப்புகளில் இப்பாடங்கள் ஒரு மதிப்பெண் வினாக்களாகச் சுருங்கிவிடுவது வேறு கதை. அதே நூலின் கடைசியில் தமிழ்க் கணினி பற்றி ஒரு தனிப்பாடமும் உண்டு.

கணினி அறிவியலின் நூறு மதிப்பெண்ணில் எழுத்துத் தேர்வுக்கு 70, செய்முறைக்கு 20, அகமதிப்பீட்டுக்கு 10. பன்னிரண்டாம் வகுப்புச் செய்முறையில் தொடர்பெருக்கம் காண்பது முதல், பணியாளர் அட்டவணையை எஸ்கியூஎல் கொண்டு அமைப்பது, வரைபடம் வரைவது வரை பல பயிற்சிகள் உள்ளன. ரெக்கார்டு நோட்டில் எழுதியதை மனப்பாடம் செய்து அடிக்கும் வழக்கத்தைப் பைத்தான் ஓரளவு காட்டிக்கொடுத்துவிடும்: வரியின் தொடக்கத்தில் விட வேண்டிய இடைவெளி தவறினால் நிரல் ஓடாது. இடைவெளி மனப்பாடத்தில் வருவதில்லை.

தமிழ்வழி மாணவர்களுக்கும் முழு நூல் உண்டு. செயற்கூறு, மடக்கு, தற்சுழற்சி, இனக்குழு, மரபுரிமம் போன்ற கலைச்சொற்கள் இந்நூல்கள் வழியாகப் பள்ளிகளில் புழக்கத்துக்கு வந்தன. ஆனால் இந்த வழி கல்லூரி வாசலில் குறுகிவிடுகிறது. அண்ணா பல்கலைக்கழகம் 2010இல் தமிழ்வழிப் பொறியியலைத் தொடங்கியபோது கட்டடவியலும் இயந்திரவியலும்தான் அதில் இருந்தன.

பொறியியல் சேர்க்கைக்கான நுழைவுத் தேர்வு 2007 முதல் இல்லை. பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்ணே தரவரிசையை முடிவு செய்கிறது. 200க்குக் கணக்கிடும் கட்-ஆஃபில் கணிதத்துக்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50. கணினி அறிவியலில் நூற்றுக்கு நூறு எடுத்தாலும், கணினிப் பொறியியலில் சேர அந்த நூறு உதவாது, வேதியியல்தான் உதவும். இது வேடிக்கையாகத் தோன்றலாம், ஆனால் இதன் விளைவு வேடிக்கையானதல்ல. கட்-ஆஃபில் சேராத பாடத்துக்கு மாணவர் ஒதுக்கும் நேரம் இயல்பாகவே குறைகிறது. தொழிற்கல்வி மாணவர்களுக்கான தனி ஒதுக்கீட்டிலோ அவர்கள் படித்த தொழிற்பாட மதிப்பெண்ணும் கணக்கில் வருகிறது. அவர்களில் பலர் பாலிடெக்னிக்கின் இரண்டாம் ஆண்டில் நேரடியாகச் சேர்ந்து, பட்டயம் முடித்தபின் பொறியியல் பட்டப்படிப்பின் இரண்டாம் ஆண்டுக்குப் போகிறார்கள். அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பு முதல் படித்தவர்களுக்கு, 2021இல் இயற்றப்பட்ட சட்டப்படி, பொறியியல் இடங்களில் 7.5 விழுக்காடு உள்ஒதுக்கீடும் உண்டு.

பத்தாம் வகுப்பு முடித்துப் பிரிவு தேர்ந்தெடுப்போர், பிரிவின் பெயரில் 'கம்ப்யூட்டர்' இருக்கிறதா என்று மட்டும் பார்க்க வேண்டாம். வணிகவியலோடு வரும் கணினிப் பயன்பாடுகள் பாடம் பி.சி.ஏ. போன்ற படிப்புகளுக்கு வழிகாட்டும், பி.இ. படிப்புக்கு அல்ல. கணிதமும் இயற்பியலும் வேதியியலும் நீங்கள் தேர்ந்தெடுக்கும் பிரிவில் உள்ளனவா என்பதைச் சேர்க்கைப் படிவம் நிரப்பும் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.