21 படம், 19 அடி

போட்டோ போடுற கணக்கை மூடியாச்சு. இனிமே மாசத்துக்கு ஒரே ஒரு படம்தான். "பொட்டி தட்டுறவன் பேசுற பேச்சாய்யா இது?"ன்னு கூட்டாளிங்க கலாய்க்கிறாங்க. நல்லூர்லேர்ந்து நாலு ஞாயித்துக்கிழமை விருத்தாசலத்துக்கு அலைஞ்சு எடுத்த பீங்கான் சூளைப் படத்தை ரெண்டு செகண்டுல தள்ளிட்டுப் போறாங்களேங்கிற வயித்தெரிச்சல்தான் காரணம். வேற தத்துவமெல்லாம் இல்லை மக்களே.

இந்த அவசரத்துக்கு வயசு ரொம்பக் கம்மி. இன்ஸ்டாகிராம் வந்தது 2010ல. 2012ல ஃபேஸ்புக் அதை நூறு கோடி டாலருக்குப் பேசி முடிச்சது. எடுத்த வரிசையில படம் வர்றது 2016ல மாறிப்போச்சு. இனி இது வெறும் படம் பகிர்ற செயலி இல்லைன்னு 2021ல அதன் தலைவரே சொல்லிட்டார். நம்ம பதிவர்களுக்கு நிதானம் புதுசா என்ன? 2007லேயே 'தமிழில் புகைப்படக்கலை' பதிவுல மாசம் ஒரு தலைப்புன்னு போட்டி வச்சவங்கதானே நாம!

இந்த நிதானத்துக்கெல்லாம் தாத்தா ஒருத்தர் இருக்கார். லின்னேயஸ் ட்ரைப். கம்பெனி பட்டாளத்து அதிகாரி, 1856ல மதராஸ் அரசாங்கத்தோட போட்டோகிராபர் ஆனவர். 1857 கடைசியில கிளம்பி ஸ்ரீரங்கம், திருச்சி, புதுக்கோட்டை, மதுரை, தஞ்சாவூர்னு சுத்தினார். அப்போ கண்ணாடி நெகட்டிவ்ல மருந்து ஈரம் காயறதுக்குள்ள படம் எடுத்துக் கழுவியாகணும். நம்ம ஊர் வெயில்ல நடக்கிற காரியமா? அதனால மெழுகு ஏத்தின காகித நெகட்டிவைப் பிடிச்சார். முன்கூட்டியே தயார் பண்ணி வச்சுக்கலாம். ஆனா வெளிச்சத்தை மெதுவாத்தான் வாங்கும். ஆள் அசைஞ்சா ஆவி மாதிரி கலைஞ்சிடுவான். அதான் அவர் படங்கள்ல கோயில் இருக்கும், கூட்டம் இருக்காது. வானம் வெறிச்சுன்னு வந்தா நெகட்டிவ் மேலயே சாயம் தொட்டு மேகம் வரைஞ்சிடுவார் (அந்தக் காலத்து போட்டோஷாப்!).

என்னை அசத்தினது 1858ல பெரிய கோயில்ல அவர் செஞ்ச வேலை. விமானத்து அடியில ஓடுற கல்வெட்டைக் கொஞ்சம் கொஞ்சமா நகர்ந்து எடுத்து, 21 படங்களை ஒட்டி, கிட்டத்தட்ட 19 அடி நீளத்துக்கு ஒரே படமாக்கினார். ஹுல்ஷ் அந்தக் கல்வெட்டுகளைப் படிச்சு ராஜராஜன் கட்டின கோயில்னு அச்சுல நிறுவினதுக்கு முப்பது வருஷம் முந்தின வேலை இது. லைக் போட ஆள் இல்லை, படிக்கவும் ஆள் இல்லை. மனுஷன் ஒரு எழுத்தை விடாம எடுத்திருக்கார்.

அவர் வெளியிட்ட தொகுதிகள்ல விருத்தாசலம் இல்லை. அந்த வருத்தம் எனக்கு உண்டு. பழமலைநாதர் கோயிலை அந்தக் காகிதத்துல பார்த்திருந்தா எப்படி இருந்திருக்கும்!

1859ல கவர்னரா வந்த ட்ரெவெல்யன், இது ஆடம்பரச் செலவுன்னு நிறுத்தச் சொல்லிட்டார். 1860ல கடையைக் கட்டிட்டு ட்ரைப் பட்டாளத்துக்கே திரும்பினார். அதுக்கப்புறம் 1902ல சாகுற வரைக்கும் அவர் எடுத்த படங்கள் சொற்பம்.