உலாவி நீட்சிக்கும் பதிபக்கத்துக்கும் இடையே செய்திப் பரிமாற்றம்

உலாவியில் நிறுவப்படும் நீட்சிக்கும், ஒரு வலைப்பக்கத்துக்குள் ஐஃபிரேமாகப் பதிக்கப்பட்ட இன்னொரு பக்கத்துக்கும் இடையே தகவல் போய்வரும் முறை. இரண்டும் ஒரே திரையில் தெரிந்தாலும், ஒன்றின் மாறிகளை மற்றொன்று நேரடியாகத் தொட முடியாது.

பத்மநாபசுவாமி கோயிலைப் பற்றிய சுற்றுலாப் பக்கத்தில் கிழக்கேகோட்டைப் பேருந்து நிலையத்தைக் காட்டும் கூகுள் வரைபடம் பதிக்கப்பட்டிருப்பதாகக் கொள்வோம். கட்டுரை ஒரு தளத்துடையது, வரைபடம் கூகுளுடையது. மூலம் வேறு என்பதால், கட்டுரைப் பக்கத்தின் நிரல் வரைபடத்துக்குள் எட்டிப்பார்க்க உலாவி விடாது. நீட்சியோ உரிய அனுமதி பெற்றால் பக்கத்துக்குள் ஓடும் தன் நிரலான கன்டென்ட் ஸ்கிரிப்டை இரண்டிலும் இறக்கலாம். ஆனால் நீட்சியின் அமைப்புகளைக் குறிக்கும் மேனிஃபெஸ்ட் கோப்பில் ‘ஆல் ஃபிரேம்ஸ்’ என்பதை இயக்காவிட்டால் அது வெளிப்பக்கத்தில் மட்டுமே ஓடும். தமிழ்த் தட்டச்சு நீட்சிகள் சில தளங்களின் எழுதுபெட்டியில் மட்டும் மக்கர் செய்வதற்கு இதுவும் ஒரு காரணம்: அந்தப் பெட்டி ஐஃபிரேமுக்குள் இருக்கும்.

கன்டென்ட் ஸ்கிரிப்டும் நீட்சியின் பின்னணி நிரலும் ரன்டைம் செய்திகள் வழியே பேசுகின்றன. பின்னணியிலிருந்து ஒரு தாவலுக்குச் செய்தி அனுப்பும்போது ஃபிரேம் எண்ணைக் குறிப்பிடாவிட்டால், அங்கே காத்திருக்கும் எல்லா ஃபிரேம்களுக்கும் அது போய்ச் சேரும். குரோமின் மேனிஃபெஸ்ட் 3 முறையில் பின்னணி நிரல் சுமார் 30 விநாடி வேலையின்றி இருந்தால் நிறுத்தப்படும். நினைவில் வைத்திருந்ததெல்லாம் அத்துடன் போய்விடும்.

கன்டென்ட் ஸ்கிரிப்ட் பக்கத்தின் சொந்த நிரலோடு பேச, ‘போஸ்ட்மெசேஜ்’ பொதுவான வழி. சிக்கல் இங்கேதான். அந்தச் செய்தியை அதே பக்கத்தில் ஓடும் எந்த நிரலும் அனுப்பலாம், கேட்கலாம். விளம்பர நிரலும் விலக்கல்ல. 2018 பிப்ரவரியில் கூகுளின் பாதுகாப்பு ஆய்வுக் குழுவான புராஜெக்ட் ஜீரோவின் டாவிஸ் ஓர்மண்டி, ஆங்கில எழுத்தைத் திருத்தும் கிராமர்லி நீட்சியில் இப்படி ஒரு ஓட்டையைக் கண்டார். எந்தத் தளமும் சில வரி நிரலால் அந்த நீட்சியின் ஐஃபிரேமைத் திறக்கவைத்து, பயனர் விவரத்தைக் கேட்டு, உள்நுழைவு அடையாளச் சீட்டைப் பெற முடிந்தது. சீட்டு கையில் கிடைத்தால் பயனரின் ஆவணங்களையும் படிக்கலாம். சுமார் 2.2 கோடிப் பேர் பயன்படுத்திய நீட்சி அது. நிறுவனம் விரைந்து சரிசெய்தது பாராட்டத்தக்கது, வடிவமைப்பு அல்ல.

பக்கம் அறியக் கூடாத எதையும் இவ்வழியில் அனுப்பலாகாது. பெறும் பக்கத்தில் வந்த செய்தியின் மூல முகவரியை முழுமையாக ஒப்பிட வேண்டும். ஒரு பெயர் அதில் உள்ளதா என்று மட்டும் தேடினால், அதே பெயரைத் தன் முகவரியில் செருகிக்கொண்ட போலித் தளமும் தேறிவிடும்.