பரங்கியும் பன்றியும் சந்தித்த பானை

அக்டோபர் பிறந்ததும் மெக்சிகோவின் சந்தைகளில் பூசணிக் குவியல் ஏறிவிடும். தோல் மரம்போல் இறுகி, உள்ளே சதை ஆரஞ்சு நிறமாகப் பழுத்த முற்றிய காய்கள். குளிர்காலப் பூசணி என்று இவற்றைச் சொல்வது குளிரில் விளைவதால் அல்ல. கெட்டித் தோல் காப்பாற்றுவதால், குளிர்காலம் முழுக்க வீட்டு மூலையில் கெடாமல் கிடக்கும். அதனால் வந்த பெயர்.

இந்தக் காய்க்கு அங்கே வழங்கும் பெயர்தான் வேடிக்கை: 'கலபாசா தெ காஸ்தீயா'. காஸ்தீயா என்பது ஸ்பெயினின் பழைய அரசு. ஆக, 'ஸ்பெயின் பூசணி'. ஆனால் பூசணி ஸ்பெயினிலிருந்து வந்ததல்ல. அதனோடு ஒரே பானையில் வேகிறதே பன்றிக்கறி, அதுதான் அங்கிருந்து வந்தது. 'கலபாசா கோன் புவெர்கோ' என்ற பூசணி–பன்றிக்கறிக் குழம்பு பிறந்த கதை இந்தப் பெயர்க் குழப்பத்தில்தான் ஒளிந்திருக்கிறது.

பூசணியின் பங்கு மிகப் பழையது. தென்மெக்சிகோவின் வஹாக்கா பள்ளத்தாக்கில் கிலா நாக்கித்ஸ் என்றொரு சிறு குகை இருக்கிறது. 1966இல் தொல்லியலாளர் கென்ட் ஃப்ளானரி அங்கே அகழ்ந்தபோது பூசணி விதைகளும் தோல் துண்டுகளும் கிடைத்தன. 1997இல் மற்றொரு தொல்லியலாளர் புரூஸ் ஸ்மித் அவற்றின் வயதைக் கணித்து, மனிதர் பயிரிட்ட பூசணி ஏறத்தாழ 10,000 ஆண்டுப் பழமை கொண்டது என்று காட்டினார். மக்காச்சோளமும் அவரையும் பயிருக்கு வந்தது அதற்குப் பல ஆயிரம் ஆண்டுகள் கழித்துத்தான்.

காட்டுப் பூசணியின் சதை வாயில் வைக்க முடியாத கசப்பு. எனவே தொடக்கத்தில் மக்கள் தேடியது விதையை, ஓடு பாத்திரமாயிற்று. கசப்புக் குறைந்த காயின் விதையை எடுத்து வைத்து, தலைமுறை தலைமுறையாக விதைத்து விதைத்துத்தான் சதை இனித்தது. பிறகு மக்காச்சோளம், அவரை, பூசணி மூன்றும் ஒரே நிலத்தில் சேர்ந்தன. சோளத்தட்டையில் அவரைக் கொடி ஏறும். அவரை மண்ணுக்கு உரம் சேர்க்கும். பூசணி இலை தரையை மூடி ஈரத்தைக் காக்கும். இந்த நிலத்துக்கு 'மில்பா' என்று பெயர்.

அந்த நிலத்துச் சமையலில் குறைந்திருந்தது கொழுப்பு. வீட்டில் வளர்த்து உண்டவை பெரும்பாலும் வான்கோழியும் நாயும்தான். வேகவைத்தார்கள், ஆவியில் அவித்தார்கள், மண் ஓட்டில் சுட்டார்கள், மிளகாயையும் பூசணி விதையையும் அரைத்துக் குழம்பு கூட்டினார்கள். நெய்ப்பசையில் வறுத்தெடுப்பது மட்டும் அரிதாகவே இருந்தது.

அந்தக் குறையைத் தீர்த்தது கப்பலில் வந்தது. 1493இல் தன் இரண்டாம் பயணத்தின் வழியில் கொலம்பஸ் கனேரித் தீவுகளில் ஒன்றான கோமெராவில் எட்டுப் பன்றிகளை ஏற்றிக்கொண்டதாக லாஸ் காசாஸ் பாதிரியார் எழுதியிருக்கிறார். கரீபியத் தீவுகளில் அவை ஈசல்போலப் பெருகின. 1521 ஆகஸ்டில் ஆஸ்டெக் தலைநகர் தெனோச்தித்லான் விழுந்ததும், ஸ்பானியத் தளபதி கோர்தேஸ் கோயோவாகான் என்ற ஊரில் வெற்றி விருந்து வைத்தார். காஸ்தீயாவிலிருந்து ஒயினும் கியூபாவிலிருந்து பன்றிகளும் வந்திருந்தன என்று, அவருடைய படைவீரர் பெர்னால் தியாஸ் நினைவுகூர்கிறார். நகரம் சாம்பலாகிக் கிடந்தபோது நடந்த விருந்து அது. இந்தக் குழம்பின் பிறப்பில் அந்தச் சாம்பலும் கலந்திருக்கிறது.

ஆனால் பன்றி படைவீரர்களின் தட்டோடு நின்றுவிடவில்லை. ஸ்பானியரின் மாடும் ஆடும் மில்பாக்களை மிதித்து அழித்தன. அவற்றுக்கு மேய்ச்சல் நிலம் வேண்டும். பன்றிக்கோ கொல்லை மூலை போதும், வீட்டில் கழிவது போதும். அதனால் பழங்குடிக் குடும்பங்களும் அதை வளர்க்கத் தொடங்கின. கறியைவிட அதன் கொழுப்பு பெரிய மாற்றத்தைச் செய்தது. 'மன்தேகா' எனும் அந்தக் கொழுப்பு அடுப்புக்கு வந்ததும் அவரை தாளிக்கப்பட்டது, ஆவியில் அவிக்கும் தமாலேயின் சோள மாவு மென்மையானது. கூடவே வெங்காயம், பூண்டு, சீரகம் எல்லாம் கடல் கடந்து வந்தன.

இந்தக் குழம்பை முதலில் வைத்தவர் யாரென்று எந்த ஏட்டிலும் பெயரில்லை. கொல்லையில் பன்றியும் வயலில் பூசணியும் வைத்திருந்த எந்தப் பெண்ணும் வைத்திருக்கலாம். ஆனால் செய்முறையிலேயே இரண்டு கரைகளும் தெரியும். பல வீடுகளில் பன்றியின் முன்தொடைக் கறியை உப்பும் பூண்டும் போட்டு முதலில் தண்ணீரில் வேகவைக்கிறார்கள். அது பழைய வழி. தண்ணீர் வற்றியதும் கறியில் ஊறிய கொழுப்பிலேயே துண்டுகள் சிவக்கும். அது புதிய வழி. பிறகு வெங்காயம், தக்காளி, பச்சை மிளகாய், கல்லில் நுணுக்கிய சீரகம், ஒரு கை மக்காச்சோள மணி. தக்காளியும் மிளகாயும் சோளமும் அந்த மண். வெங்காயமும் சீரகமும் அக்கரை.

பூசணி கடைசியில்தான். கறியோடு சேர்த்துப் போட்டால் கரைந்து கூழாகிவிடும். கறி மெத்தென்று ஆன பிறகு பெருந்துண்டுகளாகப் போட்டு, கால் மணி, இருபது நிமிடம் மூடி வைத்தால் போதும். பூசணியின் இனிப்பு கொழுப்பின் கனத்தைக் குறைக்கும், மிளகாயின் எரிப்பைத் தணிக்கும். வடமெக்சிகோவிலும் எல்லை தாண்டிய டெக்சஸிலும் இளங்காயைப் போட்டு இதையே வைப்பார்கள். முற்றிய காய் போட்டால் சாறு கெட்டிப்படும்.

பூசணிக்கு ஆஸ்டெக் மக்களின் நாவாட்ல் மொழியில் 'அயோட்லி' என்று சொந்தப் பெயர் இருந்தது. சந்தையில் வென்றது காஸ்தீயாவின் பெயர். நாமும் இதில் சளைத்தவர்கள் அல்ல. ஐரோப்பியரைப் பரங்கியர் என்று அழைத்தோம். அவர்கள் இருந்த மலை பரங்கிமலை ஆயிற்று. அவர்கள் கப்பலோடு வந்த காய் பரங்கிக்காய் ஆயிற்று. இரண்டு கரையிலும் காய்க்குக் கப்பல்காரன் பெயர்தான் கிடைத்தது, விளைவித்தவன் பெயர் இல்லை.

இந்தக் குழம்பை நம் வீட்டில் வைத்துப் பார்க்க விரும்பினால், மெக்சிகோ பூசணிக்கு மாற்று தேட வேண்டாம். நம் சந்தையில் பத்தை போட்டு விற்கும் பரங்கிக்காய் பெரும்பாலும் அந்தக் 'காஸ்தீயா' பூசணியின் இனம்தான். தாவரவியலார் இரண்டுக்கும் வைத்த பெயர் ஒன்றே: குக்குர்பிட்டா மொஸ்காட்டா.