காந்தத்தைத் தொடாமலே

1931-ல் லாரன்ஸும் லிவிங்ஸ்டனும் ஓட்டிய சைக்ளோட்ரான் வெறும் 11 செ.மீ. காந்தப்புலம் மாறாது; துகள் வேகமெடுக்க எடுக்க வட்டம் பெரிதாகும், ஒரு சுற்றுக்கான நேரம் மட்டும் அப்படியே இருக்கும். ஆனா வேகம் ஒளியை நெருங்கினா ஐன்ஸ்டைன் குறுக்கே வந்துடுவார்: சுற்று தாமதமாகி மின்னழுத்தத்தின் தாளம் தப்பும். சின்க்ரோட்ரான் காந்தத்தையே ஏற்றி இறக்கிச் சமாளித்தது. அதனால் துகள்கள் தவணை தவணையாகத்தான் வரும்.

1950-களில் ஜப்பானின் ஓகாவா, அமெரிக்காவின் சைமன், சோவியத்தின் கொலொமென்ஸ்கி மூவரும் தனித்தனியா ஒரே வழியைப் பிடித்தார்கள்: புலம் மாறவேண்டாம், வெளிப்பக்கம் போகப்போக அதை வலுவாக்கு, காந்தங்களை மாறிமாறி அடுக்கிக் கற்றையை இறுக்கு. எலெக்ட்ரான் மாதிரிகள் ஓடின. பெரிய இயந்திரத்துக்குப் பணம் கிடைக்கல. 1967-ல் அமெரிக்காவின் மூரா குழு கலைந்தது. இதே முறையில் புரோட்டான் ஓடியது 2000-ல், ஜப்பானின் கேஇகே ஆய்வகத்தில். அதிர்வெண்ணைச் சட்டென்று மாற்றும் முடுக்கிக் குழிகள் அப்போதுதான் கைக்கு வந்தன. யோசனை சரிதான், கருவிதான் பிந்தியது என்றே நான் வாசிக்கிறேன்.