ஒன்றரை டாலருக்கு ஒரு குளியலறை

1898 செப்டம்பரில் ஓர் இரவு. அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் பாஸ்கோபெல் என்ற சிற்றூரின் சென்ட்ரல் ஹவுஸ் விடுதியில் கூட்டம் நெரிந்தது. ஜான் நிக்கல்சன் என்ற விற்பனைக்காரர் வந்து அறை கேட்டார். தனி அறை காலியில்லை. சாமுவேல் ஹில் என்ற இன்னொரு விற்பனைக்காரர் தங்கியிருந்த அறையிலேயே அவரையும் படுத்துக்கொள்ளச் சொன்னார்கள். முன்பின் தெரியாத இருவருக்கு ஒரே அறை என்பது அன்று யாருக்கும் விசித்திரமாகப் படவில்லை. இருவரும் பக்திமான்கள், சேர்ந்து ஜெபித்தார்கள், பேசினார்கள், மறு ஆண்டே ஊர் ஊராகப் போகும் கிறிஸ்தவ விற்பனையாளர்களுக்கென்று ஒரு சங்கம் தொடங்கினார்கள். 1908-இல் ஆரம்பித்து இன்றுவரை ஹோட்டல் அறைகளின் இழுப்பறையில் பைபிள் வைத்துவரும் கிடியன்ஸ் அமைப்பு அதுதான்.

அறைத் துணை நல்லவராக வாய்த்ததால் அது வரலாறு ஆயிற்று. குறட்டைக்காரர்களோடு இரவைக் கழித்தவர்களின் கதையை யாரும் எழுதி வைக்கவில்லை.

அப்படிக் கழித்தவர்கள் ஏராளம். அமெரிக்காவில் ரயில் பாதைகள் நீள நீள, மொத்த வியாபாரிகள் தங்கள் ஆட்களைப் பெட்டியும் கையுமாக ஊர் ஊராக அனுப்பத் தொடங்கினார்கள். ‘டிரம்மர்’ என்பது அவர்களுக்கு அன்று வழங்கிய பட்டப்பெயர். பெரிய டிரங்குப் பெட்டிகளில் துணி, செருப்பு, தொப்பி, இரும்புச் சாமான் என்று மாதிரிச் சரக்கு வரும். அதை விரித்துக் காட்டுவதற்கென்றே ரயில் நிலையத்தை ஒட்டிய ஹோட்டல்களில் ‘சாம்பிள் ரூம்’ இருந்தது. உள்ளூர்க் கடைக்காரர்கள் அங்கே வந்து பார்த்து ஆர்டர் கொடுப்பார்கள். பகலில் கடையாகவும் இரவில் வீடாகவும் ஹோட்டல்தான் அந்த மனிதருக்கு எல்லாம்.

தமிழ்நாட்டில் ஹோட்டல் என்றதும் நினைவுக்கு வருவது இட்லி. படுக்க இடம் வேண்டுமென்றால் லாட்ஜ். 19-ஆம் நூற்றாண்டு அமெரிக்காவில் இவை இரண்டும் பிரியாமல் கிடந்தன. அறை வாடகையோடு மூன்று வேளைச் சாப்பாட்டையும் சேர்த்தே வாங்கும் முறைக்கு ‘அமெரிக்கன் பிளான்’ என்று பெயர். பகல் முழுக்கக் கடைத்தெருவில் அலையும் விற்பனைக்காரர், தான் சாப்பிடாத மதியச் சாப்பாட்டுக்கும் பணம் கட்டினார்.

வசதியான ஹோட்டல்கள் அன்று இல்லாமல் இல்லை. பாஸ்டனின் டிரெமான்ட் ஹவுஸ் 1829-இலேயே தனி அறைகளுக்குப் பூட்டும் விருந்தாளிக்கு இலவச சோப்பும் கொடுத்தது. ஆனால் அந்த மாதிரி இடங்கள் செல்வந்தர்களுக்கு. பேட்டாவை எண்ணி எண்ணிச் செலவழிப்பவருக்குக் கிடைத்தது வராந்தாக் கோடியில் ஒரு பொதுக் குளியலறை, கடைசியில் வரும் பில்லைப் பற்றிய ஒரு கவலை.

இந்த நிலைமையை மாற்றியவர் ஒரு முன்னாள் எடுபிடிப் பையன். எல்ஸ்வர்த் மில்டன் ஸ்டாட்லர் 1863-இல் பென்சில்வேனியாவில் பிறந்தவர். சிறு வயதில் கண்ணாடித் தொழிற்சாலையில் வேலை. 13 வயதில் மேற்கு வர்ஜீனியாவின் வீலிங் நகரில் மெக்லூர் ஹவுஸ் ஹோட்டலில் பெட்டி தூக்கும் வேலைக்குச் சேர்ந்தார். ராத்திரி வேளையில் குடி தண்ணீர்க் கூஜாவைத் தூக்கிக்கொண்டு மாடி ஏறி இறங்கும் பையனுக்கு, எந்த அறைக்காரர் எதற்காக மணி அடிக்கிறார் என்பது அத்துப்படி. பின்னாளில் அவர் கட்டிய ஹோட்டல்களைப் பார்த்தால், அந்த மணியோசைகளை ஒவ்வொன்றாக நிறுத்த முயன்றவர் போலத் தெரிகிறது.

முதல் முயற்சி கையைச் சுட்டது. 1901-இல் பஃபலோ நகரில் நடந்த பொருட்காட்சிக்காக 2,000-க்கும் மேற்பட்ட அறைகளோடு ஒரு தற்காலிக ஹோட்டலை எழுப்பினார். எதிர்பார்த்த கூட்டம் வரவில்லை. போதாக்குறைக்கு அந்தப் பொருட்காட்சியிலேயே ஜனாதிபதி மெக்கின்லி சுடப்பட்டார். மூன்று ஆண்டு கழித்து செயின்ட் லூயிஸ் பொருட்காட்சியில், மைதானத்துக்கு உள்ளேயே இன்னொரு தற்காலிக ஹோட்டல். இந்தத் தடவை நல்ல லாபம். அந்தத் தெம்பில் பஃபலோவுக்குத் திரும்பி வந்து, வாஷிங்டன் தெருவும் ஸ்வான் தெருவும் சேரும் முனையில் 1908 ஜனவரியில் நிரந்தர ஹோட்டலைத் திறந்தார். அறைகள் 300. குளியலறைகளும் 300. விளம்பரம் ஒரே வரி: அறையும் குளியலறையும் ஒன்றரை டாலர்.

போட்டியாளர்கள் சிரித்தார்கள் என்றால் அதற்கு நியாயம் உண்டு. குளியலறை என்றால் குழாய். குழாய் என்றால் சுவரை உடைப்பது, ஒழுகுவது, மறுபடியும் உடைப்பது. 300 குளியலறைக்கு 300 தனித்தனிக் குழாய் வழி போட்டால் ஒன்றரை டாலர் எந்த மூலைக்கு?

ஸ்டாட்லர் கண்ட வழி சுவருக்குள் இருந்தது. அடுத்தடுத்த இரண்டு அறைகளின் குளியலறைகளை முதுகோடு முதுகாக வைத்தார். கீழ்த் தளத்தில் எந்த இடத்தில் குளியலறையோ, மேலே எல்லாத் தளங்களிலும் அதே இடத்தில் குளியலறை. இரண்டுக்கும் நடுவே அடியிலிருந்து உச்சிவரை செங்குத்தாக ஒரு பொந்து. குடிநீர், வெந்நீர், கழிவுநீர், வெப்பமூட்டும் குழாய், மின்கம்பி அத்தனையும் அதற்குள். பழுது வந்தால் பிளம்பர் அந்தப் பொந்துக்குள் போய் வேலையை முடிப்பார். விருந்தாளியின் சுவரில் ஓர் ஆணி அளவுக்குக்கூட ஓட்டை விழாது. கட்டடக்காரர்கள் இதற்கு ‘ஸ்டாட்லர் ஷாஃப்ட்’ என்றே பெயர் வைத்துவிட்டார்கள். இன்றும் எந்த ஹோட்டல் அறையில் படுத்தாலும் பக்கத்து அறைக்காரர் பல் துலக்கும் சத்தம் தன் குளியலறைச் சுவர் வழியாகக் கேட்கிறதென்றால், அது ஸ்டாட்லரின் சிக்கனம்.

மற்ற மாற்றங்கள் சின்னச் சின்னவை. ஆனால் ஒவ்வொன்றின் பின்னாலும் இரவு ரயிலில் வந்திறங்கிய ஒரு களைத்த மனிதர் தெரிகிறார். சாவித் துளையைக் கதவுக் கைப்பிடிக்கு மேலே வைத்தார். இருட்டில் தடவிப் பார்த்தால் கைப்பிடி தட்டுப்படும், அதற்கு மேலே துளை. கதவைத் திறந்ததும் கைக்கு எட்டும் இடத்தில் விளக்கு ஸ்விட்ச். குளிர்ந்த குடிநீர் குழாயில் வந்தது, கூஜாவுக்கு மணியடிக்க வேண்டியதில்லை. ஆள் உயரக் கண்ணாடி, அறுந்த பொத்தானைத் தைத்துக்கொள்ள ஊசியும் நூலும், காலையில் கதவடியில் இலவச நாளிதழ். வாடிக்கையாளரைப் பார்க்கப் போகிறவருக்கு அந்த ஊசி நூலின் அருமை தெரியும்.

ஒன்றரை டாலரை அடிமாட்டு விலை என்று நினைத்துவிடக் கூடாது. அதற்கு ஆறு ஆண்டு கழித்து ஃபோர்டு கம்பெனி நாள் கூலியை 5 டாலராக உயர்த்தி ஊரையே அதிரவைத்தபோது, அதற்கு முன்பிருந்த கூலி 2 டாலர் 34 சென்ட். அதாவது ஓர் இரவுத் தங்கலுக்கு ஒரு தொழிலாளியின் பாதி நாள் கூலிக்கும் மேல். ஸ்டாட்லர் மலிவாக விற்கவில்லை. கொடுத்த காசுக்குப் பழுதில்லை என்று தமிழில் சொல்வோமே, அதை விற்றார்.

பிறகு கிளீவ்லாந்து 1912-இல், டெட்ராய்ட் 1915-இல், செயின்ட் லூயிஸ் 1917-இல். 1919-இல் நியூயார்க்கின் பென்சில்வேனியா ரயில் நிலையத்துக்கு எதிரே 2,200 அறைகளோடு திறந்த ஹோட்டலையும் நடத்தினார். கிளீவ்லாந்தில் தங்கியவருக்கு டெட்ராய்ட்டில் ஸ்விட்ச் எங்கே இருக்கும் என்று தெரிந்திருந்தது. சங்கிலி ஹோட்டலின் சூட்சுமம் அந்த ஒரு வரிக்குள் அடங்கும். ஸ்டாட்லர் 1928-இல் இறந்தார். 1954-இல் கான்ராட் ஹில்டன் அந்தச் சங்கிலி முழுவதையும் 11 கோடியே 10 லட்சம் டாலருக்கு வாங்கிக்கொண்டார்.

அதற்குள் விற்பனைக்காரர் ரயிலை விட்டுக் காருக்கு மாறியிருந்தார். கார்க்காரருக்கு ஸ்டேஷன் எதிரே எதற்கு அறை? நெடுஞ்சாலை ஓரத்தில் மோட்டல்கள் முளைத்தன. அவற்றில் நல்லது எது, மூட்டைப்பூச்சி உள்ளது எது என்று உள்ளே போய்ப் படுத்தால்தான் தெரியும்.

1951-இல் மெம்ஃபிஸ் நகரத்து வீடு கட்டும் காண்டிராக்டர் கெமன்ஸ் வில்சன், மனைவியையும் ஐந்து பிள்ளைகளையும் காரில் ஏற்றிக்கொண்டு வாஷிங்டனுக்குச் சுற்றுலா போனார். வழியில் மோட்டல்களில் பிள்ளைக்கு 2 டாலர் கூடுதலாகக் கேட்டார்கள். ஐந்து பிள்ளைக்குக் கணக்குப் போட்டுப் பார்த்தவர் கொதித்துப்போனார். கொதித்தவர் சும்மா இருக்கவில்லை. தங்கிய அறைகளை எல்லாம் டேப் வைத்து அளந்தார். ஊர் திரும்பியதும் வரைபடம் போடச் சொன்னார். வரைந்து கொடுத்தவர், 1942-இல் வந்த ஒரு சினிமாவின் பெயரை விளையாட்டாகத் தாளின் மேலே எழுதிவைத்தார். அதுவே நிலைத்தது: ஹாலிடே இன். முதல் விடுதி 1952 ஆகஸ்டில் மெம்ஃபிஸின் சம்மர் அவென்யூவில் 120 அறைகளோடு திறந்தது. பெற்றோரோடு தங்கும் பிள்ளைகளுக்குக் கட்டணம் கிடையாது.

குடும்பத்துக்கென்று கட்டியதில் வார நாட்களில் வந்து நிரம்பியவர்கள் விற்பனைக்காரர்கள். அவர்களுக்கு வில்சன் செய்த பெரிய உபகாரம் 1965-இல் ஐபிஎம் உதவியோடு வந்த ஹோலிடெக்ஸ் என்ற கணினி முன்பதிவு. இன்றிரவு தங்கிய விடுதியின் கவுன்டரிலேயே நாளை போகும் ஊரில் அறை போட்டுவிடலாம்.

இந்த வளர்ச்சியில் ஒரு சூட்சுமம் உண்டு, அது பயணிக்குப் பெரும்பாலும் தெரிவதில்லை. ஹாலிடே இன் பலகை மாட்டிய கட்டடங்களில் பெரும்பாலானவை வில்சனுக்குச் சொந்தமில்லை. உள்ளூர் ஆள் பணம் போட்டுக் கட்டுவார்; பெயரும் விதிமுறையும் முன்பதிவும் கம்பெனி தரும்; அதற்குக் கட்டணம். இந்த ஃபிரான்சைஸ் முறையின் துணையோடும் குஜராத்தி படேல்கள் அமெரிக்க மோட்டல் தொழிலில் பரவி, இன்று அந்நாட்டு ஹோட்டல்களில் பாதிக்கும் மேல் இந்திய வம்சாவளியினர் கையில் இருக்கும் நிலைக்கு வந்தார்கள். ஒரே பலகை, ஆனால் ஒரு கட்டடத்தில் துண்டு வெள்ளை வெளேரென்றும் இன்னொன்றில் பழுப்பேறியும் இருப்பதற்குக் காரணமும் இதுவே. பெயரை மட்டும் பார்த்து அறை போடுபவர் பாதித் தகவலோடுதான் போடுகிறார்.

1962-இல் கலிஃபோர்னியாவின் சான்டா பார்பராவில் மோட்டல் 6 வந்தது. 6 டாலர் என்பதால் 6. டிவி பார்க்கக் காசு போட வேண்டும்! ஸ்டாட்லர் சேர்த்துக்கொண்டே போனார் என்றால், இவர்கள் கழித்துக்கொண்டே போனார்கள்.

எதைச் சேர்ப்பது, எதைக் கழிப்பது என்பதை முறையாகக் கேட்டுப் பார்த்தது மாரியட். 1980-களின் தொடக்கத்தில் சுமார் 600 பயணிகளிடம் அறை அளவு, தோட்டம், நீச்சல் குளம், உணவகம், சோப்பு என்று 50 அம்சங்களைக் காட்டி, எதற்கு எவ்வளவு காசு கொடுப்பீர்கள் என்று கேட்டார்கள். பளபளக்கும் வரவேற்புக் கூடத்தை விட்டுக்கொடுத்துவிட்டு, அறைக்குள் உட்கார்ந்து வேலை பார்க்க வசதி கேட்கும் பயணி அதிலிருந்து உருவானார். அவருக்காக 1983-இல் கோர்ட்யார்டு சங்கிலி தொடங்கியது. அலுவலகப் பயணிக்கு அறையில் மேசையும் நல்ல விளக்கும் இருக்குமா என்பது லாபியில் தொங்கும் சரவிளக்கைவிட முக்கியம். கேட்டால் இது யாருக்கும் தெரியும். கேட்க ஒரு கம்பெனிக்கு அத்தனை காலம் ஆயிற்று.

இந்தியாவுக்கு இந்தக் கணக்கு வந்ததில் ஒரு கோயம்புத்தூர்க்காரருக்குப் பங்குண்டு. 1941-இல் அங்கே பிறந்து, சென்னை லயோலாவில் படித்து, மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் பேராசிரியரான சி.கே. பிரகலாத். அவரது யோசனையைத் துணைகொண்டு டாடாவின் இந்தியன் ஹோட்டல்ஸ் கம்பெனி 2004-இல் பெங்களூரு ஒயிட்ஃபீல்டில் இண்டிஒன் என்ற விடுதியைத் திறந்தது. பின்னர் அதன் பெயர் ஜிஞ்சர் ஆயிற்று. தொடக்கத்தில் வாடகை ஆயிரம் ரூபாய்க்குள். தாஜ் ஹோட்டல்களை நடத்தும் அதே கம்பெனி, இங்கே பெட்டியை நீங்களே தூக்கிக்கொள்ளுங்கள் என்றது. அறைக்குள் நுழையக் கணினித் திரை, குளிர்பானத்துக்கு எந்திரம். மணி அடித்தால் பையன் ஓடிவர வேண்டாம் என்று ஸ்டாட்லர் தொடங்கிவைத்தது, பையனே இல்லாத இடம்வரை வந்து சேர்ந்தது.

ஆனால் ஒரு விஷயத்தில் சங்கிலி ஹோட்டலின் கணக்கு தமிழ்நாட்டு ரயில் அட்டவணையோடு ஒத்துப்போவதில்லை. மதியம் அறைக்குள் போய், மறுநாள் 11 அல்லது 12 மணிக்குக் காலி செய்வது அதன் வழக்கம். மதுரையிலிருந்து வரும் மெடிக்கல் ரெப் பாண்டியன் எக்ஸ்பிரஸில் விடியற்காலையில் எழும்பூரில் இறங்குகிறார். பத்து மணிக்குள் குளித்து, சட்டையை இஸ்திரி போட்டு, முதல் டாக்டரைப் பார்க்க வேண்டும். அன்றிரவே ரயிலைப் பிடித்துவிடுவார். அவருக்கு வேண்டியது காலை ஆறு மணிக்கு ஓர் அறை. சீக்கிரம் உள்ளே விட சங்கிலி ஹோட்டல் கூடுதல் கட்டணம் கேட்கலாம். அறை காலியில்லை என்றும் சொல்லலாம்.

சாலைக்கு அந்தப் பக்கம் உள்ள பழைய லாட்ஜில் ‘24 மணி நேர செக்-அவுட்’ என்று பலகை தொங்குகிறது. கவுன்டரில் அரைத் தூக்கத்தில் இருப்பவர் நீளமான பேரேட்டைத் திருப்பி வைத்து, ஆதார் நகலை வாங்கிச் சொருகிக்கொண்டு, சுவர்க் கடிகாரத்தை நிமிர்ந்து பார்க்கிறார். “அஞ்சே முக்கால்னு போட்டுக்கறேன் சார். ஜிஎஸ்டி பில் வேணுமா?”