விலையும் கொடையும்: நூலுக்குக் கொடுக்கும் பணமும் வருமான வரியும்

நம் சங்கத்தின் பொன்விழா மலரில் வருமான வரியைப் பற்றி ஒரு கட்டுரையா என்று பெரியவர்கள் கேட்கக்கூடும். சில ஆண்டுகளுக்கு முன்பு எங்கள் கடைக்கு நேர்ந்த ஓர் அனுபவமே இதை எழுதத் தூண்டியது.

பினாங்குக்கு வந்து குடியேறிய நம் முன்னோர்களைப் பற்றி ஓர் ஆய்வு நூல் வெளிவந்தது. லாப நோக்கமில்லாத ஒரு பதிப்பகம் அதை வெளியிட்டிருந்தது. சகோதரர்கள் நாங்கள் இருவரும் சேர்ந்து, ஒன்று 60 ரிங்கிட் வீதம் 50 பிரதிகள் வாங்கி, உறவினர் வீடுகளுக்கெல்லாம் கொடுத்தோம். மொத்தம் 3,000 ரிங்கிட். லாபம் பார்க்காத இடத்துக்குப் போன பணம் நன்கொடைதானே என்று எண்ணி, வரிப் படிவத்தில் நன்கொடைக் கட்டத்தில் ஆளுக்குப் பாதியாக எழுதிவிட்டோம். பின்னர், ரசீதைக் காட்டும்படி கடிதம் வந்தது. எங்கள் கணக்குகளைப் பார்க்கும் நானாவிடம் ஓடினோம். அவர் ரசீதைப் பார்த்துவிட்டு, "தம்பி, இது விலை ரசீது. புத்தகம் உங்க கைக்கு வந்துடுச்சு. அப்புறம் இது எப்படிக் கொடையாகும்?" என்றார். கழித்திருந்த தொகையைத் திரும்பச் சேர்த்து வரியைக் கட்டினோம். தவறு எங்களுடையதுதான். ஆனால் அந்தக் கேள்வி மனத்தில் தங்கிவிட்டது. விலை எது, கொடை எது என்று சட்டம் எப்போது பிரித்தது?

கொடுப்பது நம் சமூகத்துக்குப் புதிதல்ல. 1801-இல் காதர் முகைதீன் மரைக்காயர் முன்னின்று எழுப்பிய கப்பித்தான் கிளிங் பள்ளிவாசலுக்குக் கிழக்கிந்தியக் கம்பெனி நிலம் அளித்தது. பிறகு நம்மவர்கள் வீடுகளையும் நிலங்களையும் வக்ஃபு செய்தார்கள். காலப்போக்கில் சில வக்ஃபுகளின் கணக்கு வழக்குகள் சீர்கெட்டன. அதனால் காலனி அரசு 1905-இல் முகமதிய, இந்து அறக்கட்டளைகளுக்காகத் தனிச் சட்டம் கொண்டுவந்து, அவற்றின் நிர்வாகத்தை ஒரு வாரியத்திடம் ஒப்படைத்தது. மனமுவந்து கொடுத்த சொத்தாக இருந்தாலும் அதற்கு ஏடு வேண்டும் என்பதை நம் முன்னோர் அன்றே கண்டார்கள்.

நூல் வெளியிடும் பணியிலும் நாம் பின்தங்கியிருக்கவில்லை. 1887-இல், விக்டோரியா மகாராணியின் பொன்விழா ஆண்டில், மகுதூம் சாயபு சிங்கப்பூரில் 'சிங்கை நேசன்' என்ற தமிழ் வார இதழைத் தொடங்கினார். அது 1890 வரையே வந்தது. அதற்குப் பத்தாண்டுகள் முன்னதாக, 1877-இல், அதே நகரில் ஆங்கிலேயர்கள் ஓர் ஆசிய ஆய்வுச் சங்கத்தை நிறுவினார்கள். அடுத்த ஆண்டே அதன் ஆய்விதழ் வெளிவரத் தொடங்கியது. இன்று ராயல் ஆசியச் சங்கத்தின் மலேசியக் கிளை என்று வழங்கும் அச்சங்கம் இன்றும் நூல் வெளியிடுகிறது. தனி ஒருவரின் கைப்பணத்தையும் உழைப்பையும் நம்பிய இதழ் மூன்றாண்டில் நின்றது. உறுப்பினர் சந்தாவும் ஒழுங்கான கணக்கும் உள்ள சங்கம் நிலைத்தது. இதை நாம் யோசிக்க வேண்டும்.

வருமான வரி மலாயாவுக்குப் பிந்தி வந்ததுதான். 1947-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி 1948-இல் நடைமுறைக்கு வந்தது. இப்போதுள்ள 1967-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டம் 1968 ஜனவரி 1 முதல் அமலில் உள்ளது. இதன் வேர் ஆங்கிலேயச் சட்டம். அறம் என்றால் என்ன என்பதை அங்கே 1891-இல் பெம்சல் வழக்கில் நான்காக வகுத்தார்கள்: வறுமை நீக்கம், கல்வி, சமயம், பொதுநலம். 1865-இல் தொடங்கிய சட்டத் தீர்ப்பு வெளியீட்டுக் கழகம் லாபத்தைப் பங்கிடாமல் தீர்ப்புத் தொகுப்புகளை விற்று வந்தது. அதுவும் அறநிறுவனமே என்று 1971-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நூலை விற்பதால் பதிப்பகத்தின் அறத்தன்மை கெடுவதில்லை. ஆனால் வாங்குபவர் கொடுக்கும் விலை, அதனால் கொடையாகிவிடுவதும் இல்லை. நாங்கள் சறுக்கிய இடம் இதுதான்.

இன்றைய மலேசிய விதிகளில் நம் குடும்பங்கள் அறிய வேண்டியவை நான்கு. முதலாவது, தனக்கும் துணைவருக்கும் பிள்ளைகளுக்கும் வாங்கும் நூல்களும் சஞ்சிகைகளும் வாழ்க்கைமுறை வரி விலக்கில் சேரும். 2017 முதல் அதன் உச்சவரம்பு 2,500 ரிங்கிட். கைப்பேசி, கணினி, இணையக் கட்டணம் எல்லாம் இதற்குள்ளேயே அடங்கும். ஊருக்கு விநியோகிக்க வாங்கிய 50 பிரதிகள் அடங்கா. இரண்டாவது, 44(6) பிரிவின் கீழ் ஒப்புதல் பெற்ற நிறுவனத்துக்குக் கைம்மாறு இன்றிப் பணமாகக் கொடுத்தால், மொத்த வருமானத்தில் 10 விழுக்காடு வரை கழிக்கலாம். லாப நோக்கமில்லை என்பது மட்டும் போதாது; ஒப்புதல் இருக்க வேண்டும். மூன்றாவது, பொது நூலகத்துக்கோ பள்ளி, உயர்கல்விக்கூட நூலகத்துக்கோ தனிநபர் பணமாகக் கொடுத்தால் 20,000 ரிங்கிட் வரை கழிக்கலாம். நான்காவது ஜகாத். இது வருமானத்தில் கழிவதன்று. கட்ட வேண்டிய வரியிலேயே கழிகிறது. 11 விழுக்காட்டுப் படிநிலையில் உள்ளவர் 1,000 ரிங்கிட் நன்கொடை கொடுத்தால் வரியில் 110 ரிங்கிட் குறையும். அதே 1,000 ரிங்கிட்டை உரிய அமைப்பிடம் ஜகாத்தாகச் செலுத்தினால், வரி அந்த அளவுக்கு இருக்கும்போது, முழு 1,000 ரிங்கிட்டும் குறையும். ஆனால் ஜகாத்துக்கு உரியவர்கள் எண்வகையினர். அதை நூல் அச்சிடும் செலவுக்குத் திருப்புவது நமக்குத் தகாது.

2004 முதல் தனிநபர்கள் தம் வரியைத் தாமே கணக்கிட்டுச் செலுத்துகிறோம். ஆகவே ரசீதுகளை ஏழு ஆண்டுகள் பாதுகாக்கும் பொறுப்பும் நம்முடையதே.

இதை ஏன் பொன்விழாவில் சொல்கிறோம்? நம் சங்கத்தின் தொடக்க காலத்தை நேரில் அறிந்தவர்கள் இன்று விரல்விட்டு எண்ணும் அளவிலேயே இருக்கிறார்கள். அவர்கள் சொல்வதை ஆய்வாளர் ஒருவர் கேட்டு எழுத வேண்டும். அதை நல்லதொரு பதிப்பகம் வெளியிட வேண்டும். அதற்குப் பணம் வேண்டும். திருமண வீட்டில் மொய் எழுதுவதுபோல் ஆளுக்கு 100, 200 என்று கையில் திரட்டினால் ஒரு நூல் வரும், அடுத்தது வராது. வசூல் தொடங்கும் முன்பே, பணம் எந்த ஒப்புதலின் கீழ் எங்கே போகிறது என்று முடிவு செய்வோம். நூல் வேண்டியவர் விலை கொடுத்து வாங்கட்டும். கொடுக்க விரும்புபவர் கொடையாகவே கொடுக்கட்டும். இரண்டுக்கும் தனித்தனி ரசீது இருக்கட்டும். பள்ளி நூலகங்களுக்குப் பணமாகக் கொடுத்து, அவர்களையே நூல்களைத் தேர்ந்து வாங்கச் செய்வதும் நல்ல வழி.

வரியில் குறையும் தொகை சிறிதுதான். அதற்காக நாம் கொடுப்பதும் இல்லை. ஆனால் ஒழுங்கான ரசீதில் கொடுத்தவர் பெயர் நிற்கும், நோக்கம் நிற்கும். சங்கத்தின் நூற்றாண்டு மலரை எழுதப்போகும் நம் பிள்ளைகளுக்கு அந்த ரசீதுப் புத்தகமே ஒரு வரலாற்று ஆவணமாகும், இன்ஷா அல்லாஹ்.