பர்மா நிலமும் இப்னு கல்தூனும்

தத்துவம், அரசியல், பொருளியல் ஆகிய மூன்றையும் ஒருங்கே கற்பிக்கும் பட்டப்படிப்பை ஆக்ஸ்ஃபோர்டு 1920இல் தொடங்கிற்று. அவற்றோடு சட்டத்தையும் சேர்த்துத் துணைப்பாடமாக வைக்கும் கல்லூரிகளும் இன்று உள்ளன. 'இக்கலவை எதற்கு?' என வினவும் பெற்றோர் காரைக்குடிப் பெருவீடுகளின் பர்மாத் தேக்குத் தூண்களை ஒருமுறை நோக்கட்டும்.

பெட்டியடிப் பையனாகக் கடல் கடந்த நகரத்தார் வீட்டுப் பிள்ளை, வட்டிக் கணக்கையும் அடமான முறையையும் கடையிலேயே கற்றான். அதில் அவனுக்கு நிகர் இல்லை. 1930இல் உலகப் பொருளாதார மந்தத்தால் நெல்விலை வீழ்ந்தது. பர்மிய உழவரால் கடனை அடைக்க இயலவில்லை. கீழ்ப் பர்மாவின் முதன்மையான 13 நெல் மாவட்டங்களில் செட்டியார்கள் வசமிருந்த நிலம் 1930இல் 6 விழுக்காடு. 1938இல் 25 விழுக்காடு. அவர்கள் நாடியது நிலத்தையன்று, கொடுத்த பணத்தையே என்பதையும் நேர்மையாகச் சொல்லவேண்டும். ஏடு சரி, பத்திரமும் சரி. நிலமிழந்தவன் நெஞ்சில் மூண்ட பகையை எந்த ஏட்டில் வரவு வைப்பது?

மத்ரஸாவில் நாங்கள் ஃபிக்ஹும் மன்திக்கும் ஓதினோம். இப்னு கல்தூனைப் பின்னரே பயின்றேன். 1384இல் கெய்ரோவில் மாலிக்கி காழியாக அமர்ந்த அவ்வறிஞர், 1377இல் எழுதிய 'முகத்திமா'வில் ஆட்சி, வரி, வாணிகம், நீதி யாவற்றையும் ஒரே இழையில் கோத்தார். உழைப்பின் பயன் பறிபோகுமெனில் மக்கள் உழைப்பைக் கைவிடுவர், நாடு பாழாகும் என்பதை ஓர் அதிகாரமாகவே விளக்கினார்.

1942இல் ஜப்பானியப் படை நுழைந்தது. செட்டிநாட்டார் பலர் ஊர் திரும்பினர். 1948இல் சுதந்திர பர்மா நிலங்களை நாட்டுடைமையாக்கச் சட்டம் இயற்றியது.